பீடி பிடிப்பவரின் கடும் மூச்சிரைப்பு: கண்டறிவதும் சிகிச்சையும்

பல ஆண்டுகளாகப் பீடி பிடித்துவந்தவருக்குச் சளியும் இருமலும் மாதக்கணக்கில் நீங்காமல், கொல்லைக்குப் போய் மாட்டைக் கட்டிவிட்டு வருவதற்குள் இளைப்பு வாங்குகிறது என்றால், கடையில் இருமல் மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டு தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும்.

முதலில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். கல் தூசியால் வரும் சிலிகோசிஸும் இதேபோல் மூச்சிரைக்க வைக்கும். சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மாறாத குரல் கம்மல் ஆகியவை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் சிடி ஸ்கேன் தேவைப்படும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று கேட்டவுடன் நிம்மதியாக வீடு திரும்பிவிடக் கூடாது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயை உறுதிசெய்வது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனைதான். அதை நீங்களே கேளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் நொடியில் ஊதும் காற்று மொத்தமாக ஊதும் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது. அந்த முதல் நொடிக் காற்று, அதே வயதும் உயரமும் உள்ளவருக்கு இருக்க வேண்டிய அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நோய் கடுமையானது. 30க்கும் கீழே என்றால் மிகக் கடுமையானது.

இந்த நிலையிலும் பீடியை விடுவதே முதல் சிகிச்சை. தனியாக விட முடியாதவருக்கு நிக்கோட்டின் சூயிங்கமும் மாத்திரைகளும் உண்டு. 1800-112-356 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்தது இன்ஹேலர். அது பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குழல்) பொருத்தி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, குழலின் வாய்முனையைச் சுற்றி உதடுகளை இறுக மூடி, ஒருமுறை அழுத்தி, மெதுவாக ஆழ்ந்து இழுத்து, முடிந்தால் 10 நொடி அடக்க வேண்டும். வாயோரம் மருந்து ஆவியாகக் கசிந்தால் அது நுரையீரலுக்குள் போகவில்லை. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மூச்சுப் பயிற்சியையும் நடைப்பயிற்சியையும் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

திடீரென இளைப்பு கூடினாலோ, சளி பச்சையாக மாறினாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; உதடு நீலம் பூத்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழைக்க வேண்டும். இந்நோயாளிக்கு, விரலில் மாட்டும் கருவி காட்டும் இரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். ஆக்சிஜன் கொடுத்து அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். ஓய்விலும் 88 அல்லது அதற்குக் கீழேயே நிற்பவருக்கு, இரத்தப் பரிசோதனை செய்து, நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கச் சொல்வார்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவுமே எரியக் கூடாது.