‘சும்மாதான் இருக்கேன்’ என்றால் உடனே எழுதிவிடாதீர்கள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களின் வேலையைக் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளைப் பக்கத்து லயம் (தொழிலாளர் வரிசைவீடு) ஒன்றில் ஒரு சாயங்காலம். கேள்வித்தாளைப் பார்த்து, “அக்கா, வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டேன். “இல்ல தங்கச்சி, தோட்டத்து வேலைய விட்டு நின்னு ரெண்டு வருசமாச்சி. இப்ப சும்மாதான் இருக்கேன்.” ‘வீட்டு வேலை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டேன். எழும்பும்போதுதான் அவருடைய நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தேன். காலையில் நாட்டுக்கு, அதாவது தோட்டத்துக்கு வெளியே உள்ள கிராமத்துக்குப் போய் மத்தியானம் வரை லீக்ஸ் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறார். கையில் கூலியும் வாங்கியிருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் ‘வேலை’ என்றால் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போவது, செக்ரோலில் (வேலை நாள் பதிவேட்டில்) பேர் விழுவது. மற்றதெல்லாம் ‘சும்மா’. பிழை என் கேள்வியில்தான் இருந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை (வேலை செய்வோரும் வேலை தேடுவோரும்) மதிப்பீட்டில் 15 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கடந்த வாரம் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்திருந்தால் அவர் தொழில் புரிபவர். குடும்பத்தின் கடையிலோ விற்பனைக்கான மரக்கறித் தோட்டத்திலோ சம்பளமில்லாமல் உதவினாலும் அப்படித்தான். ஆகவே ‘வேலை’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: போன கிழமை யாருடைய தோட்டத்திலாவது கூலிக்குப் போனீங்களா? கைக்காசுக்கு (பேர் விழாமல், எடுத்த அளவுக்குக் காசு வாங்கி) கொழுந்து எடுத்தீங்களா? பால் ஊத்துனீங்களா? தைச்சுக் கொடுத்தீங்களா?

அடுத்த பிழை, ஒரு பெண்ணுக்காக இன்னொருவரிடம் பதில் வாங்குவது. காலை பத்து மணிக்கு லயத்துக்குப் போனால் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் இருக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் கணவரோ மாமனாரோ “அவ வீட்டுலதான்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். பொழுது சாய்ந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ போய் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அவர் அடுப்படியில் நின்றுகொண்டே பதில் சொன்னாலும் பரவாயில்லை.

செக்ரோலை வாங்கி எண்ணுவது சுலபம்தான். ஆனால் அதில் இருப்பவர்கள் தோட்டத்துக்கு வேலை செய்பவர்கள் மட்டுமே. கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடைக்கும் போன மகள், ஹட்டனில் தையல் வேலைக்குப் போகும் மருமகள் யாரும் அங்கே இல்லை. புள்ளிவிபரத்தில் ‘தோட்டத்துறை’ என்பதும் மலையகம் முழுவதும் அல்ல. 20 ஏக்கருக்குக் குறையாத, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருக்கும் தோட்டங்களே அந்த வகைக்குள் வரும். நுவரெலியா நகரத்துப் பெண்ணின் நிலையை அந்த எண்ணில் தேட முடியாது.

வேலையின்மை வீதம் குறைவு என்றதும் மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை தேடாதவர் அந்த வீதத்துக்குள்ளேயே வரமாட்டார். தொழிற்படைக்கு வெளியே போய்விடுவார். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் தேடுவதைக் கைவிட்ட தாயும் அங்கேதான். அதே வேளை, கொழும்பிலுள்ள சித்தியிடம் “வேல இருந்தா சொல்லுங்க” என்று கேட்டு வைத்திருக்கும் பெண், வேலை கிடைத்தால் போகத் தயாராக இருந்தால் வேலை தேடுபவர்தான். விண்ணப்பம் அனுப்பினால்தான் தேடல் என்று எண்ணி அவரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்காக விறகு பொறுக்குவது, தண்ணீர் எடுப்பது, சமைப்பது, கறிக்கு வாசலில் கீரை போடுவது எல்லாம் பங்கேற்பு வீதத்தில் (தொழிற்படையில் இருப்போரின் பங்கில்) சேராது. 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு இவற்றையும் ‘வேலை’ என்றே ஏற்றுக்கொண்டது. ஆனால் ‘தொழில்’ என்பதிலிருந்து பிரித்து வைத்தது. அதனால் வீதத்தோடு சேர்த்து நேரத்தையும் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இலங்கையில் 2017இல் நேரப் பயன்பாட்டு மதிப்பீடு ஒன்றும் நடந்தது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் வலிப்பது. நாட்டில் ஆண்களில் பத்தில் ஏழு பேர் அளவில் தொழிற்படையில் இருக்க, பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கிறார்கள். தோட்டத்துறைப் பெண்களின் வீதம் அதைவிட உயர்வு. அதை முன்னேற்றமென்று மேடையில் வாசிக்கிறார்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் ஒரு நாள் மட்டும் பேர் விழுந்த பெண்ணும், ஆறு நாளும் மலையேறிய பெண்ணும் அந்த வீதத்தில் ஒரே எண்தான். எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை நாள் அரைப்பேர் (அரை நாள் கூலி), கைக்கு எவ்வளவு வந்தது, ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று அதே தாளில் நான்கு வரி கூடுதலாக எழுதுங்கள்.

கந்தப்பளை அக்காவின் தாளை அன்றே திருத்தினேன். “அதையும் எழுதுவீங்களா?” என்று கேட்டவர், ஞாயிறுகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்ததையும் அதற்குப் பிறகுதான் சொன்னார்.