மொட்டை மாடி டைம் சர்வரை மாற்றப் போகிறீர்களா? முதலில் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

டைம் சர்வர் என்பது சேட்டிலைட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கி நெட்வொர்க்கில் உள்ள மெஷின்களுக்குக் கொடுக்கும் சாதனம். ஆன்டெனா, ஜிபிஎஸ் ரிசீவர், என்டிபி (நெட்வொர்க் வழியே நேரம் கொடுக்கும் முறை) சர்வர் மூன்றும் ஒரே டப்பாவில் அடங்கிய ரகம் இது. கம்பத்திலிருந்து கீழே வருவது ஒரே நெட்வொர்க் கேபிள்தான். கரண்டும் அதிலேயே மேலே போகும்.

முதல் வேலை, பழையது ஏன் போனது என்று கண்டுபிடிப்பது. சேட்டிலைட் பிடிக்கிறது, தேதி மட்டும் சுமார் 19 வருடம் 7 மாதம் பின்னால் நிற்கிறதா? ஜிபிஎஸ் சிக்னல் தேதியை வார எண்ணாக அனுப்புகிறது, அந்த எண்ணுக்கு 10 பிட்தான். 1024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ல் திரும்பியது. சில ரிசீவர்களில் இந்தக் கோளாறு வேறு தேதியிலும் தலைகாட்டும். ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள் மென்பொருள்) அப்டேட் கிடைத்தால் புதியது வாங்கும் செலவே மிச்சம்.

உயிரே இல்லையென்றால் நெட்வொர்க் கேபிள் முனையிலுள்ள ஆர்ஜே45 பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் ஐப்பசி மழை உள்ளே இறங்கியிருக்கிறது. திருவான்மியூர், எண்ணூர் பக்கம் உப்புக்காற்றும் கைகொடுக்கும். புதியதில் கேபிள் தாழத் தொங்கி, பிறகு மேலேறி டப்பாவுக்குள் நுழையட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஐபி67 (தூசி, தண்ணீர் புகாது என்ற தரக்குறி) என்று போட்டிருந்தாலும் கேபிள் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டை இறுக்காவிட்டால் வீண். பின் சுத்தமாக இருந்து, கீழே ஸ்விட்ச் போர்ட்டும் சேர்ந்து போயிருந்தால் இடியைச் சந்தேகியுங்கள். பிஓஇ-க்கான (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் முறை) சர்ஜ் அரெஸ்டரை, அதாவது திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவியை, எர்த்தோடு போடாமல் புதியதை ஏற்றாதீர்கள்.

அடுத்து, வாங்கும்போது. கேபிளில் கரண்ட் ஏற்றும் பழைய இன்ஜெக்டர் 24 வோல்ட் பாஸிவ் ரகமாக (சாதனத்தைக் கேட்காமலே கரண்ட் அனுப்புவது) இருந்தால், 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தைக் கேட்கும் சாதனம் அதில் எழாது. ஏஎஃப் போர்ட் 15.4 வாட் கொடுக்கும், சாதனத்துக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் டப்பாவின் உள்சூடு வெளிக்காற்றைவிட நன்றாக ஏறும். 50 டிகிரி வரைதான் என்றால் தள்ளிவையுங்கள், 70 கேளுங்கள். சிக்னல் அறுந்தால் உள் ஆஸிலேட்டர்தான் (உள்ளே துடிக்கும் கடிகாரம்) நேரத்தைப் பிடித்து நிற்கும். அது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விலகினாலே ஒரு நாளில் 86 மில்லிசெகண்ட் போய்விடும். சிசிடிவி, வருகைப்பதிவு மெஷினுக்கு இது பெரிய விஷயமில்லை, சூட்டுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டிசிஎக்ஸ்ஓ ஆஸிலேட்டர் போதும். பிடிபி (என்டிபி-யைவிட மிகத் துல்லியமாக நேரம் கொடுக்கும் முறை) வசதி யாரும் கேட்காதவரை அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி மறைக்காத இடத்தில், எல்லாத் திசையிலும் வானம் தெரியப் பொருத்துங்கள். ஆன் செய்ததும் சரியாக 18 செகண்ட் முந்திக் காட்டினால் பதறாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் யூடிசி-யைவிட (உலகப் பொது நேரம்) அவ்வளவு முன்னால் ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் தகவல் சேட்டிலைட்டிலிருந்து முழுதாக வர 12.5 நிமிடம் வரை ஆகலாம்.

லினக்ஸில் க்ரோனி (நேரம் ஒத்திசைக்கும் மென்பொருள்) காட்டும் சர்வர் பட்டியலைத் திறந்து பாருங்கள். புதியதற்கு நேராக இருக்க வேண்டியது: ஸ்ட்ராட்டம் 1 (நேர மூலத்தோடு நேரடியாக இணைந்த சர்வர்), ரீச் 377. கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்தது என்பதற்கான ஆக்டல் (எட்டடிமான) எண் அந்த 377. என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வரோடும் ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகே பழைய ஐபி முகவரியைப் புதியதற்குக் கொடுங்கள்.