இங்கிலீஷ்ல ஊரையும் ஆளையும் வர்ணிச்சு எழுத எனக்கு வந்தது இப்படித்தான்

ப்ளஸ் டூ படிக்கும்போது மதுரை மீனாட்சியம்மன் கோயில் பத்தி எஸ்ஸே எழுதச் சொன்னா பியூட்டிஃபுல், வெரி பிக், வெரி ஓல்டு இந்த மூணையே மாத்தி மாத்தி போட்டு ரெண்டு பக்கம் ரொப்புவேன், பாதி மார்க்கூட வராது. ஒருநாள் நோட்டோட போய் பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்தும் கோயிலச் சுத்தி நடந்தும் கண்ணுல, காதுல, மூக்குல பட்டத மட்டும் குறிச்சேன், காலைச் சுடுற கல்லு, தாழம்பூ குங்கும வாசனை, ஆயிரங்கால் மண்டபத்துல இருக்கிற 985 தூணு, எல்லாம். அப்புறம் தெற்கு கோபுரத்துல ஆரம்பிச்சு உள்ள நடந்து போற வரிசையிலயே எழுதினேன், தேர் இஸ் தேர் இஸ்னு போடாம ரைஸஸ், கிளிட்டர்ஸ்னு வெர்ப் போட்டேன், அப்பதான் எழுத்துக்கு உயிரு வந்துச்சு.

ஆளைப் பத்தி எழுதுறது இன்னும் கஷ்டம். அப்பத்தாவ ‘ஷி இஸ் கைண்ட்’னு எழுதுறதுக்குப் பதிலா, அவங்க முந்தானை முடிச்ச அவுத்து அஞ்சு ரூபாய என் கையில வச்சு விரலை மூடிவிடுறத எழுதினேன், டீச்சர் அத கிளாஸ்லயே வாசிச்சாங்க.

அட்ஜெக்டிவ் வரிசைதான் ரொம்ப நாள் இடிச்சுது. அளவு, வயசு, வடிவம், நிறம், எந்த ஊரு, எதுல செஞ்சது, இந்த வரிசையில வரணும். ஸ்மால் ஓல்டு ரவுண்டு பிராஸ் பாக்ஸ்னு அப்பத்தாவோட சுண்ணாம்பு டப்பாவ வச்சே மனப்பாடம் பண்ணிட்டேன்.