மில் கணக்கு எழுதிக் கிளாஸும் டேட்டா ஸ்ட்ரக்சரும் பழகுவது

பைதன் நிரலில் கிளாஸ் என்பது தரவையும் அதை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டும் அச்சு; அதிலிருந்து உருவாக்குவது ஆப்ஜெக்ட். நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று கிளாஸ் எழுதிப் பழகினால், கிளாஸ் எதற்கு என்பது கடைசிவரை விளங்காது. காலபோக அறுவடை நேரம் கிளிநொச்சியிலோ நெடுங்கேணியிலோ ஒரு மில்லில் நடப்பதை எழுதுங்கள். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாக எடை நிறுத்து, ஈரம் பார்த்து, காசு கொடுப்பார்கள்.

பைதன் 3 ஐ ஒருமுறை நிறுவினால் போதும், பிறகு இணையம் தேவையில்லை. கிளாஸ், மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்.

முதலில் 'கொள்வனவு' கிளாஸ். ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் இனிட் (__init__) மெதட்டில் விவசாயியின் அடையாள அட்டை எண், கிலோ, விலை, ஈரப்பதன். 'தொகை'யை மெதட்டாக, அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனாக எழுதுங்கள். மாறியில் சேமித்தால், பிறகு கிலோவைத் திருத்தும்போது தொகை பழையபடியே நிற்கும். ஈரம் 14 வீதத்தைத் தாண்டினால் விலை குறையும் என்ற விதியும் அந்த மெதட்டுக்குள்ளேயே இருக்கட்டும். விதி மாறினால் ஒரே இடத்தில் திருத்தலாம். கிளாஸின் பயன் இதுதான். மெதட்டின் முதல் உள்ளீடாகச் செல்ஃப் (self) எழுத மறந்தால், நீங்கள் ஒன்றும் கொடுக்காதபோதும் 'ஒன்று கூடுதலாக வந்தது' என்று டைப்எரர் வரும். அந்த ஒன்று பைதன் தானாக அனுப்பும் ஆப்ஜெக்ட்.

அடுத்தது 'மில்' கிளாஸ். இங்கேதான் டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தரவை அடுக்கிவைக்கும் முறை, எது என்ற தெரிவு வருகிறது. காத்திருப்போருக்கு, இரண்டு முனையிலும் விரைவாகச் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய டெக் (deque) எடுங்கள். லிஸ்டில் முதலாவதை எடுத்தால் மிச்சம் எல்லாம் ஒவ்வோர் இடம் முன்னே நகரவேண்டும். பத்துப் பேர் என்றால் அந்தத் தாமதம் தெரியாது, ஒரு லட்சம் என்றால் தெரியும். கடைசிப் பதிவை அழிக்க, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக் வேண்டும். அதற்குச் சாதாரண லிஸ்டின் அப்பெண்டும் பாப்பும் போதும்.

ஆளைத் தேட, சாவியைக் கொடுத்தால் அதற்குரியதைத் தரும் டிக்ஷனரி. சாவி அடையாள அட்டை எண், அதுவும் எண்ணாக அல்ல, ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக): பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். அந்த எழுத்தை ஒருவர் சிறியதாகவும் இன்னொருவர் பெரியதாகவும் அடித்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். உள்ளே வந்ததும் பெரிய எழுத்தாக மாற்றுங்கள். ஒருவர் பலமுறை நெல் கொண்டுவருவார், எனவே ஒவ்வொரு சாவிக்கும் ஒரு லிஸ்ட். கொள்வனவை நேரே வைத்தால் முந்தையது அழிந்துபோகும்.

மிக அதிகம் அலைக்கழிக்கும் பிழை ஒன்று உண்டு. வெற்று லிஸ்டை இனிட்டுக்கு வெளியே, கிளாஸின் உடலில் வைத்தால் எல்லா மில்லுக்கும் அந்த ஒரே லிஸ்ட்தான். எரர் வராது, கணக்கு மட்டும் கலங்கும். இனிட்டின் உள்ளீட்டில் வெற்று லிஸ்டை இயல்புப் பெறுமதியாக வைத்தாலும் இதே கதை. இனிட்டுக்குள் செல்ஃபோடு சேர்த்துப் புதிதாக உருவாக்குங்கள்.

ஒரு கிளாஸை இன்னொன்றின் வகையாக எழுதும் இன்ஹெரிட்டன்ஸுக்கு அவசரம் வேண்டாம். மில்லிடம் கொள்வனவுகள் இருக்கின்றன, மில் ஒரு கொள்வனவு அல்ல. ஆகவே இங்கே அதற்கு வேலையில்லை.

எழுதி முடித்ததும் இரண்டு மில் ஆப்ஜெக்ட் உருவாக்கி, ஒன்றில் மட்டும் மூன்று கொள்வனவு போட்டு, மற்றதின் கொள்வனவு லிஸ்டின் நீளத்தை அச்சிடுங்கள். 0 வரவேண்டும். 3 வந்தால் லிஸ்ட் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.