டேப்லெட் வந்தும் நோட்டு போகவில்லை

கோவையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். மருந்து கொடுத்த நேரத்தை டேப்லெட்டில் பதியச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், காலை மருந்து எல்லாமே மதியம் 1:50-க்குக் கொடுத்ததாக இருந்தது. வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரைகூட!

எல்லாரும் பழையபடி நோட்டில் குறித்துவிட்டு, டியூட்டி முடியும்போது மொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள். சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் நானே டேப்லெட்டோடு அறை அறையாகப் போனேன். ஐந்தாவது அறை தாண்டியதும் வைஃபை போய்விட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, மாத்திரையைக் கையில் வைத்திருந்த பாட்டி, "ஏங்கண்ணு, சுடுதண்ணி ஆறிப்போச்சு" என்றார்.

வராந்தா நடுவில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தோம். மருந்து வண்டியில் டேப்லெட்டுக்கு ஒரு ஸ்டாண்ட். அப்புறம், அகரவரிசையில் இருந்த பெயர்ப் பட்டியலை அறை வரிசைக்கு மாற்றச் சொன்னேன். உண்மையில் பாதிப் பிரச்சினை அதில்தான் தீர்ந்தது. தேடாமல் அடுத்த பெயரைத் தொட்டால் போதும்.

கரண்ட் போனால்? அன்றைய பட்டியலை அச்செடுத்து வண்டியில் செருகி வைக்கிறோம்.