இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் வேலைக்கு வரணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது

இண்டஸ்ட்ரியல் ஹைஜீன்னா வேலை செய்ற இடத்துல தூசி, கெமிக்கல், சத்தம் எவ்வளவு இருக்குன்னு அளந்து குறைக்கிற வேலை. சேஃப்டி ஆபீசர் வேலையும் இதுவும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஒண்ணு கிடையாது. கை மாட்டுறது, தீப்பிடிக்கிறது மாதிரி அன்னைக்கே தெரியுற விபத்துதான் அவங்களுக்கு முக்கியம், நாம பாக்குறது பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு நுரையீரல்லயும் காதுலயும் வந்து நிக்கிற விஷயம்.

கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், என்விரான்மென்டல் சயின்ஸ், கெமிக்கல் இன்ஜினியரிங் எது படிச்சிருந்தாலும் வரலாம். தரமணில இருக்குற ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்ல ஏடிஐஎஸ் டிப்ளமோ இருக்கு, நல்ல படிப்புதான், ஆனா அது சேஃப்டிக்கானது. ஹைஜீனுக்குன்னா ஓஹெச்டிஏங்கிற சர்வதேச ஹைஜீன் பயிற்சி அமைப்போட அடிப்படை கோர்ஸ் டபிள்யூ201ல ஆரம்பிச்சு, அப்புறம் 501 கெமிக்கலுக்கு, 503 சத்தத்துக்குன்னு போங்க. சிஐஎச்ங்கிற சர்டிஃபைட் இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட் பரீட்சைக்கு டிகிரியோட சில வருஷ அனுபவமும் கேப்பாங்க, அத இப்பவே நினைச்சு பயப்பட வேணாம்.

என்னைக் கேட்டா சர்டிஃபிகேட்ட விட முதல்ல அளக்கக் கத்துக்கணும். கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒண்ணுல ஃபெட்லிங், அதாவது வார்ப்புல ஒட்டியிருக்குறத தேய்ச்சு எடுக்குற வேலை, பண்றவர எடுத்துக்குவோம். காத்த இழுக்குற சின்ன பம்ப்ப இடுப்புல மாட்டி, பெரிய தூசிய பிரிச்சுடுற சைக்ளோனையும் நுண்ணிய தூசி படியுற ஃபில்டரையும் காலர்ல, மூக்குலருந்து ஒரு அடிக்குள்ள குத்தணும். நிமிஷத்துக்கு 2.5 லிட்டர், 400 நிமிஷம் ஓடினா 1000 லிட்டர், அதாவது 1 கனமீட்டர் காத்து. லேப்ல 0.08 மில்லிகிராம் சிலிக்கா, அதாவது நுரையீரல கெடுக்குற மணல் தூசி வந்துச்சுன்னா, 8 மணி நேர ஷிஃப்ட்ல மீதி 80 நிமிஷம் தூசியே இல்லன்னு வச்சாக்கூட சராசரி கனமீட்டருக்கு 0.067 மில்லிகிராம், அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு ஓஷா வச்ச லிமிட் 0.05 தான். பம்ப்ப ஓட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃப்ளோ செக் பண்ணலன்னா இந்தக் கணக்கு மொத்தமும் வேஸ்ட், இதுல மட்டும் சோம்பேறித்தனமே கூடாது.

சத்தத்துக்கு அமெரிக்க ஆராய்ச்சி அமைப்பு நியோஷோட கணக்கு ஈஸி, 85 டெசிபல்னா 8 மணி நேரம் இருக்கலாம், 3 ஏறினா நேரம் பாதி, 94ல ஒரு மணி நேரம்தான். தறி ஓடுற ஊர்ல இருக்குறவங்க இத ஒருதடவை போட்டுப் பாருங்க, மனசு கஷ்டமாயிரும்.

அளந்ததும் மாஸ்க் குடுங்கன்னு எழுதிட்டு வந்துடாதீங்க, தண்ணி தெளிச்சு கிரைண்ட் பண்ண முடியுமா, தூசிய அங்கயே இழுக்க எக்ஸாஸ்ட் போட முடியுமான்னு ஃபெட்லிங் பண்ற அந்த அண்ணன்கிட்டயே கேளுங்க, மெஷின பத்தி அவருக்குத்தான் தெரியும்.

முதல் வேலைக்கு பெரிய கம்பெனியவே பாத்துட்டு இருக்காம வொர்க்பிளேஸ் மானிட்டரிங் பண்ற டெஸ்டிங் லேப்ல சாம்ப்ளிங் டீம்ல சேருங்க, சம்பளம் கம்மிதான், ஆனா டேனரி, மில்லு, பெயின்ட் ஷாப்னு எல்லாத்தையும் சீக்கிரமே பாத்துடலாம்.