பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே மேசையில்: டி அண்ட் டி விதிகளை ஒப்பிடுவது எப்படி?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்த விளையாட்டுக்கென்று தனிக் கடை எதுவும் இல்லை. கையில் கிடைத்த புத்தகத்தை வைத்துத்தான் ஆடுகிறோம். தன் சித்தப்பா அந்தக் காலத்தில் வாங்கி வைத்த 1989 பதிப்பை ஒரு தம்பி கொண்டுவந்தான். இணையத்தில் பழைய புத்தகமாக வாங்கிய 2014 பதிப்பு ஒரு தங்கையிடம் இருந்தது. இன்னொருவன் 2024 விதிகளைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தான். எல்லாமே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான், அதாவது பகடை உருட்டி, கதாபாத்திரங்களாகச் சேர்ந்து ஒரு சாகசக் கதையை ஆடும் டி அண்ட் டி. ஆனால் சனிக்கிழமை மாலை மளிகைக் கடையின் பின்னறையில் சேர்ந்து உட்கார்ந்தபோது, ‘ஓகர்’ என்ற ஒரே அசுரனை அடிக்க ஆளுக்கொரு எண் தேவைப்பட்டது.

அந்தச் சிக்கலைத் தீர்த்த முறையைத்தான் எழுதுகிறேன். இருபது முகப் பகடையை உருட்டத் தெரிந்து, டி.எம். என்பவர் (கதையையும் அசுரர்களையும் நடத்தும் ‘டஞ்சன் மாஸ்டர்’) யார் என்றும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: உங்கள் புத்தகம் எந்தப் பதிப்பு?

அட்டைப் படத்தை நம்பாதீர்கள். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். முதல் பெட்டி 1974இல் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. 1977 முதல் 1979 வரை ‘அட்வான்ஸ்டு’ வரிசை, 1989இல் அதன் இரண்டாம் பதிப்பு. 1997இல், அதுவரை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. அதன் பிறகு 2000இல் மூன்றாவது, 2003இல் 3.5, 2008இல் நான்காவது, 2014இல் ஐந்தாவது. 2024இல் வந்தது ஐந்தாவதன் திருத்திய வடிவம்.

முதல் பக்கம் கிழிந்துபோயிருந்தால் ஏதாவது ஓர் அசுரனின் விவரத்தைப் பாருங்கள். ‘தாக்கோ’ (THAC0, படி 5இல் விளக்குகிறேன்) என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் பதிப்புக் காலம். ஃபோர்ட்டிட்யூட், ரிஃப்ளெக்ஸ், வில் என்று மூன்று சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) இருந்தால் மூன்றாவது அல்லது 3.5. அந்த மூன்றும் இல்லாமல், வலிமை, அறிவு முதலிய ஆறு குணங்களின் எண்களும், அசுரன் எவ்வளவு கடினம் என்று காட்டும் ‘சேலஞ்ச் ரேட்டிங்’ என்ற எண்ணும் இருந்தால் ஐந்தாவது.

(நான்காம் பதிப்பைப் பலர் கழித்துவிடுகிறார்கள். சதுரங்கம் மாதிரி கட்டம் பார்த்து நகர்த்தப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அது அருமையான விளையாட்டு. கிடைத்தால் விடாதீர்கள்.)

படி 2: இலவச விதிகளை அச்சிடுங்கள்

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்’ என்ற பெயரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. 2014 விதிகளுக்கு 5.1, 2024 விதிகளுக்கு 5.2. முதலாவது 2023 ஜனவரியில் இந்த உரிமத்துக்கு வந்தது, இரண்டாவது 2025இல். சட்டப்படி நகல் எடுக்கலாம், ஊர் ஃபோட்டோஸ்டேட் கடையில் தயங்காமல் கொடுக்கலாம். முழுவதும் வேண்டாம். சண்டை விதி, ஃபைட்டர் (போர்வீரர்), விசர்ட் (மந்திரவாதி) என்ற இரு வகுப்புகள், காப்ளின், ஓகர் என்ற இரு அசுரர்கள் ஆகிய பக்கங்கள் போதும்.

கைப்பேசியில் இரண்டு கோப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒப்பீடு நடக்காது. காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணக்குப் பாடக் கட்டம் போட்ட நோட்டில் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. பகடையும் நிஜப் பகடையாகவே இருக்கட்டும். எண்ணை எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போதுதான் “இது ஏன் தப்பிச்சது?” என்ற கேள்வி வரும்.

படி 3: ஒரே ஆளை இரண்டு முறை உருவாக்குங்கள்

விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிட உட்காராதீர்கள், பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். ஒரு கதாபாத்திரத்தை எடுத்து இரண்டிலும் உருவாக்குங்கள். நான் பரிந்துரைப்பது குள்ளர் இன மந்திரவாதி, அதாவது டுவார்ஃப் விசர்ட். வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை எடுத்துக்கொண்டு அறிவுக்கு 15 கொடுங்கள். 2014இல் கூடுதல் புள்ளிகள் இனத்திலிருந்து வரும். ஹில் டுவார்ஃப் என்ற குள்ளர் வகைக்கு உடல் உறுதியில் 2, விவேகத்தில் 1. அறிவுக்கு ஒன்றுமில்லை, 15 அப்படியே நிற்கும், பகடையோடு சேரும் கூட்டல் +2. 2024இல் அந்தப் புள்ளிகள் பின்னணியிலிருந்து வருகின்றன. ‘சேஜ்’ என்ற பின்னணியை எடுத்தால் அறிவுக்கு 2 போடலாம். 17 ஆகிவிடும், கூட்டல் +3. கூடவே முதல் நிலையிலேயே ஒரு ‘ஃபீட்’, அதாவது சிறப்புத் திறன், கிடைக்கும்.

என் கருத்தில் 2024 செய்த நல்ல காரியம் இதுதான். எந்த இனத்தில் பிறந்தவனும் என்ன படித்தான், என்ன வேலை பார்த்தான் என்பதை வைத்து வளர்கிறான். எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. தோட்டத்துப் பிள்ளை என்றால் இப்படித்தான் வருவான் என்று பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

படி 4: ஒரே சண்டையை இரண்டு முறை ஆடுங்கள்

ஒரு ஃபைட்டர், அந்த விசர்ட், எதிரே ஒரு ஓகர். முதலில் 2014, அப்புறம் 2024. கவனிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, நான் முக்கியமென்று நினைப்பதை மட்டும் சொல்கிறேன். 2014இல் மருந்துக் குப்பியைக் குடித்தால் அந்தச் சுற்றின் செயல் போய்விடும். 2024இல் அது கூடுதல் செயலான ‘போனஸ் ஆக்ஷன்’, குடித்துவிட்டு அடிக்கவும் செய்யலாம். எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் 2014இல் முதல் சுற்றில் அசையவே முடியாது. 2024இல் யார் முதலில் ஆடுவது என்ற வரிசைக்கான பகடையை மட்டும் பாதகத்தோடு (இரண்டு உருட்டிக் குறைந்ததை எடுத்து) உருட்டுவார். காயம் ஆற்றும் ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரம் ஓர் எட்டுமுகப் பகடையிலிருந்து இரண்டாகியிருக்கிறது. ஃபைட்டரின் பெரிய வாளுக்கு ‘கிரேஸ்’ என்ற தனித்திறன் வந்திருக்கிறது. குறி தவறினாலும் கொஞ்சம் காயம் படும். மொத்தத்தில் புதியதில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் 2024ஐத்தான் தருவேன்.

படி 5: 1989 புத்தகத்தை எப்படிச் சேர்ப்பது?

முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டுப் போகும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

“அண்ணே, தாக்கோ குறைஞ்சா நல்லதா, கெட்டதா?” என்று அந்தத் தம்பி கேட்டான். குறைந்தால் நல்லது. கவச எண்ணும் (எதிரியின் அடி படாமல் காப்பது) அப்படித்தான்: வகுப்பில் முதல் இடம், இரண்டாம் இடம் என்பதுபோல எண் சிறிதாகச் சிறிதாக மேல். கவசமே இல்லாதவருக்கு 10, தகட்டுக் கவசத்துக்கு 3, அதற்கும் மேலானவற்றுக்குப் பூச்சியத்துக்குக் கீழேயும் போகலாம். தாக்கோ என்பது பூச்சியக் கவச எண்ணை அடிக்கத் தேவையான பகடை எண். தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் நீங்கள் உருட்ட வேண்டியது வரும்.

ஐந்தாம் நிலை ஃபைட்டருக்கு தாக்கோ 16. எதிரியின் கவச எண் 3. பகடையில் 13 வேண்டும். இப்போது இரண்டையும் 20இலிருந்து கழியுங்கள். தாக்குதல் கூட்டல் +4, கவச எண் 17. பகடையில் 13 விழுந்தால் 13ம் 4ம் 17. அதே கணக்கு, திருப்பி எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் பதிப்பு செய்தது இதைத்தான்.

இன்னொரு முடிச்சு: இரண்டாம் பதிப்பில் குணச் சோதனைக்கு உங்கள் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ உருட்ட வேண்டும், சேவிங் த்ரோவுக்கோ மேலே உருட்ட வேண்டும். ஒரே பகடை, இரண்டு திசை. நோட்டின் இடப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மேல் அம்பு, கீழ் அம்பு போட்டுக்கொள்ளுங்கள்.

சூத்திரம் கிடைத்துவிட்டது, இனி பழைய அசுரர்களையெல்லாம் மாற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஓகரைப் பாருங்கள். இரண்டாம் பதிப்பில் கவச எண் 5, தாக்கோ 17, உயிர்ப் புள்ளி சராசரியாக 19, அடித்தால் 1 முதல் 10 வரை காயம். சூத்திரப்படி மாற்றினால் கவச எண் 15, தாக்குதல் +3. அதை ஐந்தாம் பதிப்பு ஃபைட்டரின் முன் நிறுத்துங்கள், பெரிய வாள் இரண்டு முறை பட்டால் விழுந்துவிடும். ஆனால் 2014 புத்தகத்தின் ஓகருக்குக் கவச எண் 11தான். தாக்குதல் +6, உயிர்ப் புள்ளி 59, ஓர் அடிக்குச் சராசரி 13 காயம். 2024இல் உயிர்ப் புள்ளி 68.

காரணம் இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் ஃபைட்டரின் தாக்குதல் கூட்டல் நிலைக்கு ஒன்றாக ஏறி இருபதாம் நிலையில் +20 ஆகும். ஐந்தாம் பதிப்பில் தேர்ச்சிக் கூட்டல் +2இல் தொடங்கி +6இல் நின்றுவிடும். கூட்டல் ஏறாததால் கவச எண்ணையும் ஏற்றவில்லை. பெரிய அசுரனை அடிப்பது எளிது, வீழ்த்துவதுதான் கடினம். பலமெல்லாம் உயிர்ப் புள்ளிக்கும் காயத்துக்கும் போய்விட்டது.

ஆகவே பழைய சாகசக் கதையில் ‘ஓகர்’ என்று இருந்தால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களைப் புதிய புத்தகத்திலிருந்து எடுங்கள். எத்தனை ஓகர் என்பதையும் திரும்பக் கணக்கிடுங்கள். 2024 விதியில் மூன்றாம் நிலையில் இருக்கும் நான்கு பேருக்கு நடுத்தரச் சண்டை என்றால் 900 அனுபவப் புள்ளி. ஓகருக்கு 450. ஆக, இரண்டு ஓகர். விஷம் பட்டால் உடனே சாவு என்று பழைய கதையில் வரும் இடங்களை விஷக் காயமாக மாற்றிவிடுங்கள். ஐந்தாம் பதிப்பில் உயிர்ப் புள்ளி பூச்சியத்துக்கு வந்தவர்கூட, உயிர் பிழைக்க உருட்டும் பகடையில் மூன்று முறை தோற்றால்தான் சாகிறார். அந்த வாய்ப்பைப் பழைய விஷம் பறித்துவிடக் கூடாது.

பின்னர்ச் சேர்த்தது: 2014 கதாபாத்திரத்தை 2024 மேசைக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. வகுப்பு 2024 விதிப்படி இருக்கட்டும். பழைய இனம் தரும் குணப் புள்ளிகளை விட்டுவிடுங்கள், பழைய பின்னணியை வைத்துக்கொண்டு ஒரு குணத்துக்கு 2, இன்னொன்றுக்கு 1 போட்டு, ஓர் ‘ஆரிஜின் ஃபீட்’ தேர்ந்தெடுங்கள். 2014இல் முதல் நிலையிலேயே வகுப்பின் உட்பிரிவு பெற்ற கிளெரிக், சார்சரர், வார்லாக் ஆகிய மூன்று வகுப்பினருக்கும் இப்போது அது மூன்றாம் நிலையில்தான். அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள்.